சுத்தமான சவுண்டு

1. செருப்பை வெளியே விடவும்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில், தொண்ணூறுகளின் பிற்பாதியில், முதுகலை ஊடகப் படிப்பு தொடங்கினார்கள். அந்தத் துறைக்கு ஸ்டூடியோ இன்சார்ஜாக நான் சேர்ந்த அன்று எனக்குத் தரப்பட்ட முதல் வேலை, ஒரு அட்டையில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதிக் கம்ப்யூட்டர் லேப் கதவில் ஒட்டுவது. என் கையெழுத்து அழகாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

லேபில் ஏ.சி. இருந்தது. அது மெஷின்களுக்காகப் போட்டது, மனிதர்களுக்காக அல்ல. மூன்று பென்டியம் மெஷின்கள், அதில் ஒன்றுக்கு மட்டும் சவுண்டு கார்டு. பக்கத்து அறைதான் ஸ்டூடியோ. உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைக் காலி செய்து, சுவர் முழுக்கச் சாக்குத் துணி அடித்து, ஒரு மைக்கும் மிக்சரும் கேஸட் டெக்கும் வைத்திருந்தோம். அங்கே ஏ.சி. கிடையாது. ஃபேன் உண்டு, ஆனால் ரெக்கார்டிங் என்றால் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் டேப் முழுக்க ‘கொர்’ரென்று கேட்கும்.

கையிலிருக்கும் போனிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அன்று மல்டிமீடியா என்ற சொல்லே புதிது. ‘இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்’ என்று பெற்றோர் கேட்பார்கள். எங்களுக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுவோம். இரண்டாம் ஆண்டு முடிவில் ஒவ்வொரு மாணவரும் ஒரு சி.டி. தயாரிக்க வேண்டும். திரையில் பட்டனை அழுத்தினால் படம் வர வேண்டும், குரல் வர வேண்டும். சி.டி. எழுதும் மெஷின் எங்களிடம் இல்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறுவோம்.

2. இரண்டு பட்டன்கள்

ஜெசிந்தா புன்னக்காயல் பெண். அப்பா சந்தியாகு கடலுக்குப் போகிறவர். அதிகம் பேச மாட்டாள், ஆனால் மெஷின் முன் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். கடல் தொழிலில் வழங்கும் சொற்களைப் பற்றி சி.டி. செய்யப் போவதாகச் சொன்னாள். திரையில் ஒரு வள்ளம், வலை, காற்று, அலை. எதைத் தொட்டாலும் அவளுடைய அப்பா அதன் பெயரைச் சொல்லி விளக்குவார். நல்ல யோசனை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். சென்னையில் ஒரு சி.டி. கம்பெனி அவளை நேர்காணல் செய்துவிட்டு, ப்ராஜெக்ட்டில் முதல் வகுப்பு வாங்கினால் வேலை உண்டு என்று சொல்லியிருந்தது. ஆகவே அந்த சி.டி. அவளுக்கு வெறும் பரீட்சை இல்லை.

அவளே ஊரில் ஒரு சின்ன ரெக்கார்டரில் அப்பாவைப் பேசவிட்டு ஒரு கேஸட் நிறையப் பதிவு செய்து கொண்டுவந்தாள். கேட்டுப் பார்த்தேன். மனிதர் வீட்டில் பேசுகிற மாதிரி பேசியிருந்தார். நடுவில் காக்கை கத்தியது, யாரோ குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

அந்த வாரம் எங்கள் ஹெச்.ஓ.டி. ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார். “ப்ராஜெக்ட்டப் பாக்க எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மெட்ராஸ்லருந்து வாராரு வே. சவுண்டு சுத்தமா இருக்கணும். ஒம்மத்தான் நம்பியிருக்கேன்” என்றார்.

சுத்தம் என்ற அந்த ஒரு சொல்லை அவர் ஒரு விதமாகச் சொன்னார், நான் வேறு விதமாக வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு.

இருபத்து நான்கு வயதில் அறிவிப்பாளர் வேலைக்காக இரண்டு முறை குரல் தேர்வுக்குப் போனேன். இரண்டாவது முறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “குரல் இருக்கு தம்பி, ஆனா வாயத் திறந்தா ஊர் வாசனை அடிக்குதே” என்றார். அன்று முதல் ‘வாரான், போறான், சொல்லுதான்’ எல்லாவற்றையும் என் வாயிலிருந்து துடைத்து எடுத்தேன். வீட்டில்கூட எழுத்துத் தமிழ்தான். என் மனைவி, “பேப்பர் வாசிக்கியளா, காப்பி கேக்கியளா” என்று கேலி செய்வாள். இப்படிப்பட்ட ஆளிடம் ‘சுத்தம்’ என்று சொன்னால் அவன் எதைத் துடைப்பான்?

3. ஃபேன் இல்லாத மூன்று மதியங்கள்

ஊரில் எடுத்த கேஸட் உதவாது, அப்பாவை ஸ்டூடியோவுக்குக் கூட்டி வா என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். சந்தியாகு வந்தார். கோவிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. கதவிலிருந்த அட்டையைப் படித்து, லேபுக்கு மட்டும்தான் அது என்று தெரியாமல், வராந்தாவின் கடைசிக்கே திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கையில் ஒரு ஓலைப்பெட்டி. “சைவக்காரருன்னு பாப்பா சொன்னா. அதான் மீனு கொண்டாரல, கருப்பட்டி கொண்டாந்தேன்” என்றார். அந்தக் கருப்பட்டியில் என் வீட்டில் ஒரு மாதம் காப்பி போட்டோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாங்கிக்கொண்டு நான் செய்தது என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று மதியங்கள் அவரை ஃபேன் இல்லாத அறையில் உட்கார வைத்தேன். அவர் ‘கடலுக்குப் போவோம்’ என்றால் டேப்பை நிறுத்தி, ‘செல்வோம்’ என்று சொல்லச் சொன்னேன். ‘காத்து’ என்றால் ‘காற்று’. ‘இங்கன’ என்றால் ‘இங்கே’. அவர் ஒவ்வொரு முறையும் “சரி சார்” என்று மறுபடி தொடங்குவார். மூன்றாம் நாள் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. புயலில் வள்ளம் ஓட்டுகிற மனிதர், என் முன்னால் திக்கித் திக்கிப் பேசினார். அப்போது எனக்கு அது முன்னேற்றமாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவர் சொன்னவற்றில் இரண்டு சொற்கள் என் காதில் ஏறவே இல்லை. சோநீவாடு, வாநீவாடு. அகராதியில் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீரோட்டம் என்பதைத்தான் இவர்கள் இப்படித் தேய்த்துச் சொல்கிறார்கள், முன்னால் வரும் சோவும் வாவும் வெறும் இழுவை என்று நானே முடிவு கட்டினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “ரெண்டும் ஒண்ணு இல்ல சார். தெக்கருந்து தண்ணி இழுத்தா சோநீவாடு, வடக்கருந்து இழுத்தா வாநீவாடு. அது தெரியாம வலை விட்டா வலைய எங்கன தேட?”

நான் தலையாட்டினேன். ஆனால் கேட்கவில்லை.

கடைசியில் அவர் குரலே சரிப்படாது என்று, அவர் சொன்னதையெல்லாம் நல்ல தமிழில் எழுதி நானே மைக் முன் உட்கார்ந்து பேசினேன். இரண்டு சொல்லுக்கும் நீரோட்டம் என்றே போட்டேன். ஜெசிந்தா திரையில் அவற்றுக்கு இரண்டு தனிப் பட்டன்கள் வைத்திருந்தாள். “சார், ரெண்டும் வேற சார்” என்று ஒரு தடவை சொன்னாள்.

“மெட்ராஸ்காரருக்குப் புரிய வேண்டும் அல்லவா?” என்றேன். அவள் மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டாள். இன்டர்னல் மார்க்கில் என் கையும் இருந்தது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இதற்கு நடுவில் துறை விழா வந்தது. சிறப்பு விருந்தினர் பேச்சைப் பதிவு செய்யக் கேஸட் வேண்டும். எங்கள் வழக்கம், வேலை முடிந்த கேஸட்டின் மேல் எழுதியிருப்பதை அடித்துவிட்டு, அதிலேயே அடுத்ததைப் பதிவு செய்வது. சந்தியாகு ஸ்டூடியோவில் பேசியவை முன்பே அந்த வழியில் போய்விட்டன. இப்போது, ஜெசிந்தா ஊரில் எடுத்த கேஸட் மேசையில் கிடந்தது. அதைப் போட்டு ரெக்கார்டை அழுத்தினேன். காக்கையும் குடமும் அந்த மனிதரின் பேச்சும் போய், சமுதாயத்தில் ஊடகத்தின் பங்கு வந்து உட்கார்ந்தது.

4. வைவா

வைவா அன்று சந்தியாகு வந்திருந்தார். தன் குரல் கம்ப்யூட்டரில் வரப்போகிறது என்று ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்திருப்பார் போல. அதே வெள்ளைச் சட்டை. கடைசி பெஞ்சில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். குரலை மாற்றியதை மகள் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான். நானும் சொல்லவில்லை.

எக்ஸ்டர்னல் வள்ளத்தைத் தொட்டார். என் குரல் கணீரென்று வந்தது. “வாய்ஸ் ரொம்ப நல்லா இருக்கே” என்றார். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அந்த நொடி எனக்கு சந்தோஷமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சந்தியாகு முன்னால் குனிந்து, தன் குரல் எப்போது வரும் என்று காத்திருந்தார்.

பிறகு அலையின் மேல் இருந்த முதல் பட்டன். நீரோட்டம் என்றேன். பக்கத்துப் பட்டன். மறுபடியும் நீரோட்டம் என்றேன். எக்ஸ்டர்னல் இரண்டையும் மாறி மாறி அழுத்தினார். நீரோட்டம், நீரோட்டம். பின்னால் சில மாணவர்கள் சிரித்தார்கள்.

“ஒரே வார்த்தைக்கு எதுக்கும்மா ரெண்டு பட்டன்?” என்று கேட்டார்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

“நாந்தான் சார் தப்பாப் பண்ணிட்டேன்” என்றாள்.

அவர் விடவில்லை. இது நேரில் பேசிக் கேட்ட சொற்கள்தானா, இல்லை புத்தகத்தில் எடுத்ததா, மூல ஒலிநாடா எங்கே என்று கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. அவர் என்னிடம் திரும்பினார். “தேடிப் பார்க்க வேண்டும் சார்” என்றேன். அந்தக் கேஸட் அப்போது என் மேசை டிராயரில், விழாப் பேச்சு என்ற தலைப்போடு இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கும் என்று சொன்னேனே, அதே கையெழுத்து.

அவளுக்கு இரண்டாம் வகுப்புதான் வந்தது. சென்னைக் கம்பெனி பதில் எழுதவில்லை.

அன்று வைவா முடிந்து வெளியே வந்தபோது, வராந்தாவில் சந்தியாகு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். “ஒங்க கொரலு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இதக் கேட்டு வலை விட்டா வலை போயிரும்” என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே வலையைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

மாலையில் ஹெச்.ஓ.டி.யிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “நான் ஃபேன் சத்தத்தல்லா வே சொன்னேன். அவரு பேச்சையா சுத்தம் பண்ணச் சொன்னேன்?” என்றார். மார்க்கைத் திருத்த வழியில்லை, பட்டியல் போய்விட்டது என்றார். நான் வைவா அறையிலேயே வாயைத் திறந்திருந்தால் பட்டியல் போயிருக்காது.

5. புன்னக்காயல்

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, ரெக்கார்டரும் புதுக் கேஸட்டும் எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, ஆத்தூரில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் புன்னக்காயல் போனேன். ஜெசிந்தா அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு வாசலில் நின்றபடியே, “அந்த டேப்பை அழித்தது நான்தான் அம்மா” என்றேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மனப்பாடம் செய்த வாக்கியம் அது.

“தெரியும் சார்” என்றாள். “வைவாவுக்கு மொத நாளே ஒங்க டிராயர்ல பாத்தேன். எம் எழுத்த அடிச்சி மேல எழுதியிருந்திய.”

தெரிந்துகொண்டேதான் எனக்காகப் பழியை ஏற்றிருக்கிறாள். அதற்குப் பிறகு என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் உள்ளே போய் எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

சந்தியாகு கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் பேச வேண்டும், இந்த முறை அவர் பேச்சிலேயே பேச வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. மைக்கை வைத்தேன். பக்கத்தில் இரண்டு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், நாய் குரைத்தது, எதையும் நிறுத்தவில்லை. ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் தொண்டையைச் செருமினார். முதுகை நிமிர்த்தினார். “வணக்கம். என் பெயர் சந்தியாகு. நாங்கள் அதிகாலையில் கடலுக்குச் செல்வோம்” என்றார்.

“அண்ணாச்சி, வீட்ல பேசுத மாதிரி பேசுங்க” என்றேன். எத்தனையோ வருடம் கழித்து என் வாயிலும் ‘பேசுத’ வந்தது.

“சரி சார்” என்று மறுபடி தொடங்கினார். “தெற்கிலிருந்து வரும் நீரோட்டம்...” என்றவர் நிறுத்தினார். தலையைச் சொறிந்தார். இன்னொரு முறை முயன்றார். மறுபடியும் நீரோட்டம்தான் வந்தது. பிறகு சிரித்துவிட்டார். “மைக்கப் பாத்தா நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சார் வருது. நான் என்ன செய்ய?”

மைக்கை அணைத்த உடனே பக்கத்தில் இருந்தவரிடம், “ஏலே, நாளைக்கி வாநீவாடு இருக்கும் போலுக்கே” என்றார். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா? அதைப் பதிவு செய்ய எனக்குக் கை வரவில்லை. அவருக்குத் தெரியாமல் எடுக்கவும் மனமில்லை. எடுத்தவரைக்கும் போதும் என்று கேஸட்டை வெளியே எடுத்து, யாரும் மேலே பதிவு செய்ய முடியாதபடி அதன் இரண்டு மூலைப் பற்களையும் அங்கேயே உடைத்தேன்.

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை மைக் முன் உட்கார்ந்த ஒருவரையும் நான் திருத்தியதில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் உங்களுக்கும் சொல்வது இதுதான்: ஃபேனை நிறுத்துங்கள், வாயையும் மூடிக்கொள்ளுங்கள். டேப் முடிந்ததும் பல்லை உடையுங்கள். தப்பு உங்களுடையது என்றால், அடுத்தவர் அதை ஏற்பதற்கு முன் எழுந்து நில்லுங்கள்.

ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களுக்கு அந்தக் கேஸட்டின் தொடக்கத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்ததும், யார் சார் இந்த அறிவிப்பாளர் என்று யாராவது ஒருவர் கேட்பார்.