தலைப்பாகையில் மாட்டிய பச்சைப்பூச்சி

இன்று ஓசூரில் இறங்க வேண்டிய நான் அத்திப்பள்ளிக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் இறகும் பட்டுநூலும் சுற்றிப் பூச்சி கட்டுவேன் அல்லவா? அவற்றில் நல்லதையெல்லாம் ஒரு பலகையில் குத்தி வைத்திருந்தேன். அந்து அரிக்குமுன் கண்ணாடி போடலாம் என்று மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சூளகிரி தாண்டி டிரைவர் பிரேக் அடித்தார். பலகை முன்சீட்டுப் பெரியவரின் ஜரிகைத் தலைப்பாகையில் மோதியது. இருப்பதிலேயே உசத்தியான பச்சைப்பூச்சி அதில் மாட்டிக்கொண்டது.

“கொஞ்சம் அவுத்தீங்கன்னா எடுத்துருவேன்.”

“அவுக்கறதா? அக்கா பையன் கல்யாணம் சாமி, நான் தாய்மாமன். முகூர்த்தம் முடியாம இதை அவுக்கக் கூடாது.”

இழுத்தால் ஜரிகை கிழியும். விட்டுப்போக மனம் வரவில்லை.

ஓசூர் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் பூச்சியைப் பார்த்தேன். பஸ் ஜூஜுவாடி தாண்டி மைசூர் எல்லைக்குள் நுழைந்தது.

பந்தலில் எல்லோரும் பெரியவர் தலையையே பார்த்து, “சென்னாகிதே!” என்று கன்னடத்தில் மெச்சினார்கள்.

பெரியவர் நேரே என்னிடம் வந்தார். “மாப்பிள்ளைக்கும் ஒண்ணு வேணுமாம் சாமி. நல்ல காரியம், இல்லேன்னு சொல்லிடாதீங்க.”

எப்படிச் சொல்வது? மாப்பிள்ளைக்குக் கொடுத்ததும் மாப்பிள்ளைத் தோழன் வந்தான். பிறகு மற்ற மாமன்மார்கள்.

அந்து இனி என் பூச்சிகளை ஒன்றும் செய்ய முடியாது. பலகையில் ஓட்டைகள்தான் மிச்சம். அதற்குக் கண்ணாடி போடலாமா, நீங்களே சொல்லுங்கள்.