காது குத்த ஓர் இடம்

அம்மாவின் ஆள்காட்டி விரல் வாய்க்குள் நுழையும்போது புளியும் அடுப்புச் சாம்பலும் கலந்த ஒரு ருசி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் தேய்த்த கையை முந்தானையில் துடைத்தும் துடைக்காமலும் வந்து "ஆ காட்டு" என்பாள். நான் வாயைத் திறந்ததும் விரலைக் கடைவாய் வரை விட்டு, தாடை தாராளமாகத் திறந்து மூடுகிறதா என்று பார்த்த பிறகுதான் விளையாடப் போக விடுவாள். முழங்காலில் சிராய்ப்பு, பாதத்தில் முள், விரலில் அரிவாள்மணை பட்ட கீறல், எதுவாக இருந்தாலும் மற்ற வீட்டு அம்மாக்கள் காயத்தைப் பார்ப்பார்கள். என் அம்மா வாயைப் பார்ப்பாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் என் அக்கா கமலா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் காது குத்தினார்கள். குத்திய சில நாட்களில் தாடை இறுகிப்போய், ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காமல், உடம்பு முறுக்கி முறுக்கி இழுத்துச் செத்துப்போனாள். "ஜன்னி கண்டு போயிட்டா" என்பதற்கு மேல் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அவள் முகம் எனக்குத் தெரியாது. அவளுக்காகச் செய்து, அவள் போட்டுக்கொள்ளவே முடியாமல்போன ஒரு ஜோடிச் சிவப்புக்கல் தோடு மட்டும் அம்மாவின் பித்தளை டப்பாவில் பஞ்சுக்குள் கிடந்தது.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், தெற்கு வாசலுக்கு வெளியே ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. கமலாவுக்குச் சமயபுரத்தில் காது குத்துவதாகத்தான் நேர்ந்துகொண்டிருந்தார்களாம். கோடைக் கூட்டம், அம்மை, ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்குக் குத்திய கம்பி என்று பயந்து அம்மாதான் அதை மாற்றினாள். "வீட்டை விடப் பத்திரமான இடம் ஏதுங்க" என்று அப்பாவிடம் சொல்லி, கொல்லைப்புறத்தைப் பசுஞ்சாணி போட்டு மெழுகி, சந்து முனையில் கடை வைத்திருந்த பத்தரை வரவழைத்தாள். தோடு செய்து கொடுத்ததும் அவர்தான், காது குத்தியதும் அவர்தான்.

ஆகவே பழியும் அவர் மேல்தான் விழுந்தது. கமலாவை எடுத்துக்கொண்டு போன மறுநாள் அம்மா தலைவிரிகோலமாகப் பத்தர் கடைக்கு முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "அந்தாளு கம்பியில வெஷம், புள்ளைங்கள அங்க கொண்டு போகாதீங்க" என்று கண்ட பெண்களிடமெல்லாம் சொன்னாள். பெற்ற வயிறு எரிந்து சொல்வதை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? சில நாள் கழித்துப் பத்தர் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாராம். "அன்னிக்குக் காலையில இதே கம்பியிலதாம்மா எம் பொண்ணுக்கும் குத்தினேன். பாருங்க, நல்லாத்தான் இருக்கு" என்று அந்தக் குழந்தையின் காதைத் திருப்பிக் காட்டினாராம். அம்மா முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்திவிட்டாள். "எம் பொண்ணு போயிட்டா, அவன் பொண்ணு இருக்கான்னு கூட்டிட்டு வந்து காட்டுறான்" என்று உள்ளே உட்கார்ந்து அழுதாளாம். இதெல்லாம் அப்பா பின்னாளில் எனக்குச் சொன்னது.

இந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன், காதில் ஓர் ஓட்டைகூட இல்லாமல். ஒரு வயதில் குத்த வேண்டியது, மூன்றில் குத்தவில்லை, ஐந்தில் குத்தவில்லை, பத்து வயதும் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் "மூளிக்காது". பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வாத்தியார்கள் மட்டும்தான். குன்றிமணியைச் சோற்றுப் பருக்கையால் காதில் ஒட்டிக்கொண்டு போனேன். வெயில் ஏறியதும் அது உதிர்ந்து விழ, வகுப்பே சிரித்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, வரும்போதெல்லாம் சந்து முழுவதும் கேட்கும்படிதான் பேசுவாள். "பொண்ணு நாளைக்கே பெரிய மனுஷி ஆயிடுவா அண்ணி. மூளியா நின்னா எவன் வந்து கட்டுவான்?" அம்மா என் தலையை இன்னும் இறுக்கிப் பின்னுவாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. காது குத்தப் பத்திரமான ஓர் இடம் இந்த உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டேதான் இருந்தாள். ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு காவேரிப் பாலம் தாண்டித் திருச்சிக்குப் போவோம். பத்தர் தெருவில் ஒவ்வொரு கடைக்கு எதிரிலும் வெயிலில் நின்று, வேறு பிள்ளைகளுக்குக் குத்துவதை அம்மா கண்கொட்டாமல் பார்ப்பாள். ஒருவர் கம்பியை வேட்டியில் துடைத்தார். ஒருவர் அதைப் பல்லில் கடித்துக்கொண்டே விளக்கை நகர்த்தினார். "வேணாம்டி, வா" என்று என்னை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். போகும்போது எனக்கு இருந்த ஆசையும் வரும்போது இருந்த ஆத்திரமும் இன்றும் மறக்கவில்லை.

ஒரு தைமாதம், அத்தையின் தொல்லை தாங்காமல், பழைய நேர்த்திக்கடன் தீராததால்தான் இத்தனை கஷ்டம் என்று சமயபுரத்துக்கே போனோம். பொங்கல் வைத்தாயிற்று. கீற்றுப் பந்தலின் கீழே மொட்டைத் தலைக் குழந்தைகள் வரிசையாக அலறிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பத்தர் உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சின்னதுகளுக்கெல்லாம் முடிந்து என் முறை வந்தது. தாய்மாமா மடியில் உட்கார்ந்தேன். பத்தர் என் இரண்டு காதிலும் மையால் பொட்டு வைத்தார்; கம்பியின் ஈரம் காதில் பட்டது. அந்த ஈரம் எந்தப் பிள்ளையின் ரத்தமோ, அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. மடியிலிருந்து என்னைப் பிடுங்கினாள். பொங்கலைக்கூட எடுக்காமல், கொள்ளிடப் பாலம் வரை என் கையை விடாமல் நடந்தாள்.

"குத்திவிடும்மா, செத்தாலும் பரவாயில்ல" என்று நடுப்பாலத்தில் நின்று கத்தினேன். ஓங்கி ஓர் அறை விழுந்தது. அடித்த கையோடு "ஆ காட்டு, ஆ காட்டு" என்று என் வாய்க்குள் விரலை விட்டாள். காதில் மைப்பொட்டு மட்டும் இருந்தது, காயம் ஒன்றுமில்லை. காயமே இல்லாமல் அவள் வாயைச் சோதித்ததைப் பார்த்த பிறகுதான் இவளிடம் கேட்டுப் பயனில்லை என்று எனக்குப் புரிந்தது. பயத்தில் அவள் பாதி செத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாதான் கடைசியில் வழி கண்டுபிடித்தார். அவர் கடைக்குப் பாத்திரம் வாங்க வரும் ஒரு நர்ஸம்மா, திருச்சியில் மாதா கோயிலை ஒட்டிய வீட்டில் இருந்தார். கேட்டதும், கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். அம்மா அங்கேயும் நம்பவில்லை. ஊசி கொதிக்கும் சட்டியையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. "இன்னுங் கொஞ்சம் கொதிக்கட்டுங்க" என்றாள். நர்ஸம்மா கோபித்துக்கொள்ளாமல் இன்னும் கொதிக்கவிட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அதன் பிறகுதான் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து என்னை மடியில் இருத்திக்கொண்டாள். கமலா போன பிறகு முதல்முறையாக ஓர் இடம் அவளுக்குப் பத்திரமாகப் பட்டது.

"குத்தின பிறகு புண்ணுக்கு என்ன போடுவீங்க?" என்று நர்ஸம்மா கேட்டார்.

அம்மா கொஞ்சம் பெருமையோடு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். "வரட்டிச் சாம்பலுங்க. நல்லா சலிச்சது. தேங்காய் எண்ணெயில குழைச்சுப் போட்டா சீழே வைக்காது. எங்க அம்மா வீட்டுல எல்லாருக்கும் இதான்."

நர்ஸம்மா அதை விரலால் கிளறிப் பார்த்தார். "இத எங்க வச்சிருப்பீங்க?"

"மாட்டுக் கொட்டில் மூலையில குழி வெட்டிக் கொட்டி வச்சிருக்கோமுங்க."

"இதப் போடாதீங்கம்மா. கொட்டில் மண்ணுலயும் சாணியிலயும்தான் அந்த ஜன்னி வெஷம் இருக்கும். புண்ணுல அது படவே கூடாது."

அம்மாவின் கை என் வயிற்றைச் சுற்றி இறுகியது. பிறகு, யாரிடமோ சொல்வதுபோல், "மொதப் பொண்ணுக்கும் இதத்தான் போட்டேன். வேளா வேளைக்கு நானே போட்டேன்" என்றாள். நர்ஸம்மாவுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. "கம்பியாலயும் வந்திருக்கலாம்மா. இத்தன வருஷம் கழிச்சு யாரு சொல்ல முடியும்?" என்று அவசரமாகச் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். "இல்லீங்க. அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. கூட்டிட்டு வந்து காட்டினாரு."

எனக்குக் காது குத்தினார்கள். வலித்ததா என்று நினைவில்லை. என் முதுகில் அம்மாவின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டதுதான் நினைவிருக்கிறது.

திரும்பும்போது சந்து முனையிலேயே ஜட்காவை நிறுத்தச் சொன்னாள். எத்தனையோ வருஷமாக அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவள். பத்தர் கடை இருந்த இடத்தில் வெற்றிலைக் கடை இருந்தது. யாரும் பிள்ளைகளைக் கொண்டுபோகாததால் பிழைப்பு நடக்காமல் அவர் எப்போதோ காலி செய்துவிட்டாராம். கரூர் என்றார் ஒருவர், காரைக்குடிப் பக்கம் என்றார் இன்னொருவர். அம்மா அங்கேயே தெருமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்து கெஞ்சித்தான் எழுப்பிக் கூட்டிவந்தார்.

புண் ஆறியதும் கமலாவின் தோட்டை என் காதில் போட்டுவிட்டாள். அதன் பிறகு சாம்பலைக் கையால் தொடவில்லை. பாத்திரத்துக்குச் செங்கல் பொடிதான். "ஆ காட்டு" நிற்கவில்லை. விரலின் ருசி மட்டும் மாறியது. கரூருக்கு ஆள் போனது, காரைக்குடிக்கு அப்பாவே போய் வந்தார். பத்தர் கிடைக்கவில்லை.

இப்போது ஜட்கா இல்லை. எங்கள் கொட்டில் இருந்த இடத்தில் மாடி வீடு எழும்பிவிட்டது. என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஜன்னிக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் காது குத்தினார்கள். சந்து முனையில் ஒரு பத்தர் கடை இருந்ததைச் சொன்னால் நம்புவதற்குக்கூட ஆள் இல்லை.

அம்மா போன வருஷம்தான் காலமானாள். கடைசி மாதங்களில் அவளுக்கு மனிதர்கள் அடையாளம் தெரியவில்லை. வைத்தியர் வந்தாலும், பால்காரர் வந்தாலும், வாசலில் எந்த ஆண் குரல் கேட்டாலும் என்னை அவசரமாகக் கூப்பிடுவாள். என் காதைத் திருப்பி, பத்தர் செய்த அந்தச் சிவப்புக்கல் தோட்டோடு, வந்தவருக்குக் காட்டுவாள்.

"பாருங்க, நல்லாத்தான் இருக்கு. உங்க கம்பியில ஒண்ணும் இல்லீங்க."