எனக்கு எதிராக மூன்று ஓட்டு

கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும்போது என்னைத் தலைவி ஆக்கினார்கள். தகுதி என்னவென்று கேட்டால், வாய்தான்.

தி. நகரில் எங்கள் வீடு ஒரு கடைத்தெருவுக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே ஜவுளிக்கடைப் பையன்கள் "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று காலையிலிருந்து கூவிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் குரல் எழுப்பினால்தான் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உப்புகூடக் கிடைக்கும். அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் ஒரே நேரத்தில் பேசுவோம். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கிறார் என்றும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த ஆண்டு அடையாறில் எங்கள் கல்லூரியில் புதிதாக ஒரு திட்டம் தொடங்கினார்கள். மூத்த மாணவர் ஒருவர், முதலாமாண்டுக்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு வாரந்தோறும் உட்கார வேண்டும். பாடம் நடத்தக் கூடாது. கூச்சத்தைப் போக்க வேண்டும், பேசப் பழக்க வேண்டும், ஒரு காரியத்தை முன்னின்று செய்யப் பழக்க வேண்டும். எங்கள் பேராசிரியை என் பெயரைச் சேர்த்துக்கொண்டே, "இந்த வாய்க்கு ஒரு வேலை கிடைச்சா என் கிளாஸுக்கு நிம்மதி" என்றார்.

எனக்கு ஒரு நீல பேட்ஜ் கொடுத்தார்கள். அதில் 'பியர் லீடர்' என்று தமிழிலும் எழுதியிருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "என்னம்மா இது? பியருக்கெல்லாம் லீடர் போடறாங்களா காலேஜ்ல?" என்றார். சக மாணவர் என்று பொருள் என நான் விளக்கி முடிப்பதற்குள் அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

எனக்கு மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருத்தி, சைதாப்பேட்டையில் ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்த வீடுகளை அகற்றிவிட்டதால் இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். இன்னொருவன் மயிலாப்பூர்க்காரன், எதையும் விதிமுறையோடு செய்ய வேண்டும் என்பவன். மூன்றாமவன் சாந்தோம் பையன். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிப்பவன். அழகான குரல். ஆனால் கையில் தாள் இல்லாவிட்டால் தன் ஊர்ப் பெயரைச் சொல்லவே திணறுவான்.

கேன்டீனுக்குப் பின்னால் இருந்த பாதாம் மரத்தடியில் முதல் நாள் உட்கார்ந்தோம். பேசுவதில் இருக்கும் பயத்தைப் போக்குவது எப்படி என்று நான் பேசினேன். மணி அடிக்கும் வரை பேசினேன். மூவரும் தலையாட்டினார்கள். பிரமாதமாக நடந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் ஒரு விளையாட்டு. இருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். ஒருவர் கையில் படம் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல, மற்றவர் பார்க்காமல் வரைய வேண்டும். என்னிடம் வந்தது ஆட்டோ படம். பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. நான் மூன்று சக்கரத்தில் ஆரம்பித்து, மீட்டர் போடாதவர்களைப் பற்றிச் சொல்லி, மழைநாளில் பாண்டி பஜாரில் நான் பட்ட அவதியையும் சேர்த்துக்கொண்டேன். மயிலாப்பூர்க்காரன் வியர்க்க வியர்க்க வரைந்தான். முடித்ததும் தாளைத் திருப்பிக் காட்டினான். மழையில் நனையும் இட்லிப் பானை போல ஏதோ இருந்தது.

சைதாப்பேட்டைக்காரி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அதுவரை எங்களிடம் பத்து வார்த்தைகூடப் பேசாதவள் அவள்.

"இன்னாக்கா, வண்டிய சொல்லச் சொன்னா வாழ்க்கைய சொல்லிக்கினு கீறீங்க?"

சாந்தோம் பையன் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

திட்டத்தின் பெரிய வேலை அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு குழுவும் கல்லூரியில் இருக்கும் ஒரு குறையை எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்டவர்களிடம் பேசித் தீர்க்க வேண்டும். நான் உடனே கடற்கரைத் தூய்மைக்கு ஒரு பேரணி என்றேன். "கடற்கரை காலேஜுக்குள்ள இல்லையே அக்கா" என்றான் மயிலாப்பூர்க்காரன். நான் அடுத்த யோசனைக்கு வாயைத் திறந்தபோது, சாந்தோம் பையன் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"நான் சில நாள் காலைப் பூசை முடிச்சிட்டு நேரா வந்துருவேன். அப்பல்லாம் இவ கேட்டுக்கு வெளிய பஸ் ஸ்டாப்ல உக்காந்திருப்பா. எப்ப வந்தாலும் உக்காந்திருப்பா."

அவளைப் பார்த்தோம். அவள் தோளைக் குலுக்கினாள். "மொத பஸ்ஸ வுட்டா அடுத்த பஸ்ல கால் வைக்க எடம் கெடையாது. அதான் சீக்கிரம் வந்துர்றேன். கேட்டு எட்டரைக்குத்தான் தொறப்பாங்க. நான் மட்டும் இல்ல, இன்னும் கொஞ்ச பேரு கீறாங்க. அங்கியே குந்திக்கினு ரெக்கார்டு எழுதுவோம். மழை வந்தா எழுத மாட்டோம், அவ்ளோதான்."

இத்தனை வாரமாக அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க எனக்கு நேரம் ஏது?

கேட்டைச் சீக்கிரம் திறக்கச் சொல்லி கல்லூரி முதல்வரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நான் வீட்டுக் கண்ணாடி முன் நின்று முழு உரையும் தயாரித்தேன். முன்னுரை, முடிவுரை எல்லாம் இருந்தது. மறுநாள் மரத்தடிக்குப் போனால் மூவரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மயிலாப்பூர்க்காரன் எழுந்து நின்றான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்கோ. நாங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிண்டு வந்துருக்கோம்."

"எதுக்கு ஓட்டு?"

"பிரின்ஸிபல் ரூம்ல நீங்க பேச வேண்டாம்னு. மூணு பேரும் அதுக்குத்தான் போட்டோம்."

"நான்தானே லீடர்?"

"லீடர்தான்க்கா. யாரு இல்லன்னாங்க? பேசாத லீடரா இருங்க" என்றாள் சைதாப்பேட்டைக்காரி.

எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை மனசுக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். வீட்டில் நியாயம் கேட்டேன். அக்காவும் அப்பாவும் ஆளுக்கொரு தீர்ப்பை ஒரே நேரத்தில் சொல்ல, அம்மா மட்டும் பேசாமல் நைட்டி நுனியால் கண்ணைத் துடைத்தாள். எனக்காக வருந்துகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்க முடியாமல் வந்த கண்ணீர் அது.

மறுநாள் முதல்வர் அறையில் ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தது. அவர் என் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "சொல்லும்மா" என்றார். என் வாய் தானாகத் திறந்தது. சாந்தோம் பையன் என் காலை மிதித்தான்.

"இவங்க சொல்லுவாங்க மேடம்" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய உரை அதுதான்.

சாந்தோம் பையன் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தான். பூசை வாசகம் வாசிக்கும் அதே கம்பீரம். "அதிகாலையில் தொலைவிலிருந்து வருகிறவர்கள்..." என்று அவன் தொடங்கியதும் முதல்வர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடியும்போது 'ஆமென்' சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மயிலாப்பூர்க்காரன், கட்டடத்தை எல்லாம் திறக்க வேண்டாம், கேட்டும் கேன்டீன் தாழ்வாரமும் போதும் என்று தெளிவாகச் சொன்னான்.

"வெளியில வாட்ச்மேன் இருக்கார்ல? பயம் ஒண்ணும் இல்லையே?" என்று முதல்வர் கேட்டார்.

சைதாப்பேட்டைக்காரி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தொடங்கினாள், பாதியில் நின்றுவிட்டது. "தமிழ்லயே சொல்லும்மா" என்றார் முதல்வர்.

"வாட்ச்மேன் அண்ணா உள்ள கீறாரு மேடம். நான் வெளிய கீறேன். நடுவுல ஒரு கேட்டு. அவரு என்னப் பாக்குறாரு, நான் அவரப் பாக்குறேன். ஆறு மாசமா பாத்துக்கினு கீறோம். எங்க ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு இருந்ததெல்லாம் பேசி முடிஞ்சிபோச்சி மேடம்."

முதல்வர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு யோசித்தார். அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. எதையாவது சொல்லி அந்த அமைதியை நிரப்ப வேண்டும் என்று நாக்கு துடித்தது. என் காலுக்குப் பக்கத்தில் ஒரு ஷூ தயாராக இருப்பது தெரிந்தது. பொறுத்துக்கொண்டேன்.

"சரி. ஏழரைக்குத் திறக்கச் சொல்றேன்."

"ஏழு மணி மேடம்" என்றாள் அவள்.

"ஏழு ரொம்ப சீக்கிரம்மா. ஏழரை."

"ஏழரைக்கு எதுக்கு மேடம், பாதி மழை பேஞ்சி முடிஞ்சிரும்."

"சைதாப்பேட்டை மார்க்கெட்ல கீரை வாங்கற மாதிரி இருக்கே! ஏழேகால். அதுக்கு மேல பேசாத."

"சரிங்க மேடம். தேங்க்ஸ்ங்க மேடம்."

வராந்தாவுக்கு வந்ததும் நான் அவளைத் தேற்றினேன். "பரவாயில்ல, ஏழு கிடைக்கலன்னாலும் ஏழேகால் வந்துச்சே."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அக்கா, என் பஸ்ஸு வர்றதே ஏழேகாலுக்குத்தான். ஏழுன்னு கேட்டாத்தான ஏழேகால் வரும்?"

மயிலாப்பூர்க்காரன் சுவரில் சாய்ந்துகொண்டான். "எங்காத்துல யாருக்கும் இது தெரியாது. எங்க அம்மா கடைக்காரன் சொன்ன விலைய அப்படியே குடுத்துட்டு வந்துண்டிருக்கா" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை கேட் திறந்தது. சில வாரம் கழித்து, எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் விடிகாலையில் போனேன். தாழ்வாரம் நிறைந்திருந்தது. திருவான்மியூர் தாண்டி எங்கெங்கோ இருந்து வந்தவர்கள், திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை நெரிசலில் தூங்க முடியாமல் ஓடிவந்த ஒருவன், டீ டம்ளரோடு வாட்ச்மேன் அண்ணன். யாரும் ஏற்பாடு செய்யாமலே, தினம் ஒருவர் எழுந்து எதையாவது பேசுவது என்று வழக்கமாகியிருந்தது. அன்று சாந்தோம் பையன் தாள் இல்லாமல் நின்று, வஞ்சிர மீனுக்கும் சங்கரா மீனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் இரண்டு முறை திணறினான். சைதாப்பேட்டைக்காரி யாரையும் குறுக்கே பேசவிடாமல் கையைக் காட்டி நிறுத்தி, அவனுக்கு நேரம் கொடுத்தாள். என்னைப் பார்த்ததும், "குந்துங்கக்கா, உங்களுக்கு நாளைக்குத்தான் சான்ஸு" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் மயிலாப்பூர்க்காரனின் அம்மா எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, நீதானே அவா குரூப்புக்கு லீடர்? காலேஜ் நெஜமாவே ஏழேகாலுக்குத் தொறக்கறதா?"

நடந்ததையெல்லாம் ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. தூரத்துலேர்ந்து வரவாளுக்குத் தொறக்கறா. நாங்க இங்க குளத்துக்குப் பக்கத்துலன்னா இருக்கோம்! இவன் எதுக்கு ஆத்துல காபிகூடக் குடிக்காம ஓடறான்? ஏதாவது பொண்ணு விஷயமா?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவனிடமே கேட்டேன். அவன் காதுவரை சிவந்துபோனான்.

"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா. அடுத்த வியாழக்கிழமை என் டர்ன். ரயில்வே டைம்டேபிள் பத்திப் பேசப் போறேன். முன்னாடி உக்காந்து கேக்க ஆள் வேணும். வருவேளா?"