தியாகி கோதண்டம் கட்டிய குதிரை

தனியார் கல்லூரியில் பாடம் நடத்துவது சுலபம். பாடம் கேட்க ஆள் பிடிப்பதுதான் உத்தியோகம். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே நோட்டீஸ் கட்டோடு தெருவில் இறங்கும் என் சக உதவிப் பேராசிரியர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செருப்பைப் பார்த்தாலே நாம் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வோம்.

நெய்வேலிக்கு வெளியே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே எங்கள் கல்லூரி. பெயர் தியாகி கோதண்டம் கலை அறிவியல் கல்லூரி. நான் வரலாற்றுத் துறை. துறை என்றால் நானும் ஒரு மின்விசிறியும்தான். இந்த வருஷம் பத்துப் பேராவது சேராவிட்டால் துறைக்கு மூடுவிழா, எனக்கு வழியனுப்பு விழா என்று தாளாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஷிப்ட் பார்த்துத் தட்டு

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கே புத்தி வேண்டாமா? காலை பத்து மணிக்குப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த மனிதர், லுங்கியைப் பிடித்தபடி வந்து நின்றார். மகன் மார்க் என்ன என்று கேட்கவே பயமாக இருந்தது. சட்டென்று நோட்டீஸை நீட்டி, கோதண்டம் எவ்வளவு பெரிய தியாகி, ஊருக்காக எப்படியெல்லாம் பாடுபட்டார் என்று ஒப்பித்தேன்.

அவர் பாதி மூடிய கண்ணோடு முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்: "அதெல்லாம் சரிங்க. அவரு பர்மனெண்டா, காண்ட்ராக்டா?"

முகமில்லாத சிலை

உண்மையைச் சொன்னால், கோதண்டம் யார் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. அவருடைய ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. சனங்கள் திசைக்கு ஒருவராய்ப் பிரிந்துவிட்டார்கள். யாரோ ஒரு அதிகாரியின் குதிரையைப் பிடித்துக் கட்டி ஜெயிலுக்குப் போனவர் என்று தாளாளர் எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். கல்லூரிக்குப் பெயர் வைக்க அது போதுமானதாக இருந்தது. நோட்டீஸ் அச்சுக்குப் போகும்போதெல்லாம் தாளாளர் அதில் ஒரு கை பார்ப்பார். முதலில் வெறும் குதிரை. அடுத்த வருஷம் வெள்ளைக்காரக் கலெக்டரின் குதிரை. இந்த வருஷம் குதிரைப்படையே வந்துவிட்டது. கலெக்டர் பின்னங்கால் பிடரியில் பட ஓடுகிறார்.

அதற்கேற்ற சிலைக்காகத் திருவதிகையில் ஒரு சிற்பியைப் பிடித்தோம். போட்டோ இல்லையே என்று நான் தயங்கினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "மீசையும் கத்தியும் வச்சிட்டா மூஞ்ச யாரு மேடம் பாக்கப் போறாங்க?"

சேத்தியாத்தோப்பு வெயில்

சேத்தியாத்தோப்பில் ஓர் அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்தார். வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார். போட்டித் தேர்வு, தொல்லியல் என்று அடுக்கினேன். முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. கடைசியில், "ஏன், என்னைப் பாருங்களேன், வரலாறு படித்துத்தானே கல்லூரி ஆசிரியை ஆனேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த அம்மா என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். குரலில் நிஜமான இரக்கம். "நீங்களே வெயில்ல வூடு வூடா சுத்திக்கினு இருக்கீங்களேம்மா!"

முத்தாண்டிக்குப்பத்தில் மாட்டிக்கொண்டேன்

ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒருவர் கிடைத்தால் நான் பிழைப்பேன். முத்தாண்டிக்குப்பத்தில் வசந்தி என்ற பெண் நல்ல மார்க் எடுத்திருப்பதாகத் தெரிந்து ஓடினேன். அப்பா ஏழுமலை சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. என் நோட்டீஸை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. பின்னாலிருந்து எட்டிப் படித்த வசந்தியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கோதண்டம் அவருக்கு முப்பாட்டனாம்! கொள்ளுப்பேரனின் மகளே கிடைத்துவிட்டாள் என்கிற கணக்கில் நான் வாயெல்லாம் பல்லாகி நின்றேன். அவர் வெடித்தார்: "தாசில்தாரு குதிரை எங்க கொல்லையில பூந்து கம்ப மேஞ்சிட்டுது. புடிச்சிக் கட்டிட்டாரு, உள்ள போட்டுட்டாங்க. இத பொண்ணு கேட்டு வரவங்ககிட்டகூட நாங்க சொல்றதில்ல. நீங்க நோட்டீஸு அடிச்சி ஊரெல்லாம் குடுத்துக்கினு இருக்கீங்க!"

சால்வையோடு சமாதானம்

கேஸ் போட்டுவிடுவார்களோ என்று பயந்து தாளாளர் மறுநாளே சால்வையோடு என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார். எந்தக் குரூப் வேண்டுமானாலும் எடுக்கட்டும், ஃபீஸே வேண்டாம் என்றார். வசந்திக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசை என்று முதல் நாளே காதில் விழுந்திருந்தது. பத்தாவது ஆள் கைக்கு எட்டியும் எனக்கில்லை என்று நான் மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டேன். ஏழுமலை சால்வையைத் தொடவில்லை; நோட்டீஸில் இருந்த சிலைப் படத்தைக் காட்டினார். "ஃபீஸ் கெடக்கட்டுங்க, மொதல்ல அந்தக் கத்திய எடுங்க. எங்க வூட்ல கம்பு அறுக்கற அருவாள தவிர ஒண்ணும் இருந்ததில்ல" என்றார். சிலைக்காரரிடம் சொல்லிவிடுகிறேன் என்று தாளாளர் சால்வையை மடித்துக்கொண்டார்.

அப்போதுதான் வசந்தி முன்னால் வந்தாள். அவள் பேசி முடித்ததும் ஏழுமலை முதல்முறையாகச் சிரித்தார். எனக்கு அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் சொன்னது இதுதான்: "இதுல நமக்கு என்னாப்பா வெக்கம்? கம்பு நம்மளுது, குதிரை அவங்களுது. இத நாம எழுதலன்னா, அடுத்த வருஷம் இவங்க யானைய வுட்டுடுவாங்க. எனக்கு ஹிஸ்டரியே குடுங்க மேடம்."

ஆக, கலெக்டரையே ஓடவிட்ட மாவீரரால் காப்பாற்ற முடியாத என் வேலையை, கம்பு மேய்ந்த ஒரு குதிரை காப்பாற்றிக் கொடுத்தது.