அரக்கில் பதிந்த விரல்

கௌசலாவிடம் கேட்டால், "ஓம், நடந்தது. நான் பக்கத்திலதான் இருந்தனான்" என்பாள். சார்ஜன்ட் பிரசாந்தனிடம் கேட்டால், இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு எழும்பிப் போய்விடுவார். இருவரும் வன்னியில் ஒரு பொலிஸ் நிலையத்தில், போதைப்பொருள் பிரிவில் ஒன்றாக வேலை செய்தவர்கள். இட்டுக்கட்டிய கதை என்றால், இத்தனை நாளில் இருவரில் ஒருவராவது சிரித்திருக்க வேண்டும்.

போதைப்பொருள் பிடித்தால், பிடிபட்டவரின் கண் முன்னே நிறுக்க வேண்டும். உறையில் போட்டு ஒட்டி, அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்ற வேண்டும். அரக்கு இறுகுமுன் பிடிபட்டவரின் இடது பெருவிரலை அதில் பதிக்க வேண்டும். அந்த முத்திரை உடையாமல் கொழும்புப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

துணுக்காயில் கூலி வேலை செய்யும் வீரபாகுவின் சட்டைப் பையில் கிடைத்தது ஒரு சிட்டிகை ஐஸ் தூள். அவன் வீட்டு வேலிக்கு வெளியே, கழிவுநீர்க் கானுக்குள், ஆருடையதென்று தெரியாத பெரிய பொட்டலம் ஒன்றும் கிடந்தது. பிரசாந்தன் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி நிறுத்தார். பாரம் ஏறியது. வீட்டில் நின்ற மனைவி அமராவதியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டுபோக அது போதும்.

"பெருசு என்னுது இல்லைங்கய்யா," என்றான் வீரபாகு. "கொன்னாலும் விரல் வைக்க மாட்டேன்."

"விரலைத்தானே கேட்டனான்? காணியையோ எழுதித் தரச் சொன்னனான்?"

அவன் கையை இறுகப் பொத்திக்கொண்டான். அரக்கு ஆறிக்கொண்டிருந்தது. மற்றப் பொலிஸ்காரர் வெளியே நின்றார்கள். பிரசாந்தன் சட்டென்று தன் இடது பெருவிரலை வைத்து அழுத்தினார். புருசனும் பெண்சாதியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாகனத்தில் ஏறும்போது அமராவதி ஒன்றைத்தான் சொன்னாள். "அடுப்புல சோறு இருக்குங்க."

அந்தப் பாரத்துக்குப் பிணை இல்லை. இருவரும் மறியல் சிறைக்குப் போனார்கள். அங்கே வீரபாகுவுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பிரசாந்தன் உண்மையைச் சொன்னால் அமராவதி வெளியே வருவாள். சொன்னால் தன் வேலை போகும். பிரசாந்தனுக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை.

உறையைக் கொழும்புக்குக் கொண்டுபோகும் பொறுப்பும் அவருக்கே வந்தது. காலை ரயில். துணைக்குக் கௌசலா.

"என்ன அண்ணை, பிள்ளை மாதிரி மடியில வச்சிருக்கிறியள்? தாலாட்டும் பாடுவியளோ?"

அவர் உறை இருந்த பையை இன்னும் இறுக அணைத்தார். மாங்குளம் தாண்டியது. இரு பக்கமும் காடு. நல்ல வெயில்.

"அண்ணை... ஆரோ மெழுகுதிரி கொளுத்தினமோ?"

அவருக்கும் மணத்தது. மெழுகுதிரி அல்ல. உருகும் அரக்கு.

மடி சுட்டது.

பையைத் திறந்தார். உறையின்மேல் அரக்கு ஈரமாகப் பளபளத்தது. கிழமைக் கணக்கில் இறுகிக் கிடந்த அரக்கு...

பையை மூடி, இடது கையைப் பொத்திக்கொண்டார்.

ஆரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

பக்கத்தில் கௌசலாவைத் தவிர ஒருவரும் இல்லை. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு கை... விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தியது. பலவந்தமாக.

பெருவிரலில் குளிராக ஏதோ பூசப்பட்டது.

அழுத்தம். இடமிருந்து வலம்... மெல்ல ஓர் உருட்டல்.

எத்தனையோ பேரின் விரலை அவர் அப்படி உருட்டியிருக்கிறார்.

கத்த வாய் திறந்தார்.

பிறகு, விட்டார்கள்.

"என்ன அண்ணை, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"ஒண்டுமில்லை."

கொழும்பில், உறையைப் பொறுப்பெடுத்தவர் பூதக்கண்ணாடியால் முத்திரையைப் பார்த்தார். அரக்கு இறுகிக் கல்லாகியிருந்தது. "ரேகை வடிவா விழுந்திருக்கு. சந்தேகநபரின்ரதானே?"

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம்.

"ஓம்," என்றார் பிரசாந்தன்.

வெளியே வந்து கைத்தொலைபேசியில் பெருவிரலை வைத்தார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். திறக்கவில்லை. அதற்குள் கௌசலாவின் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டுத் திரும்பினாள்.

"வீரபாகு ஆஸ்பத்திரியில முடிஞ்சிட்டானாம் அண்ணை. நேற்றுப் பின்னேரம்."

வழக்கு வந்தபோது, தன் புருசன் விரல் வைக்கவேயில்லை என்று அமராவதி தன் சட்டத்தரணி யதுர்ஷிகாவிடம் சொல்லியிருந்தாள். முத்திரை ரேகையை வீரபாகுவின் ரேகையோடும் சார்ஜன்டின் ரேகையோடும் ஒப்பிட வேண்டும் என்று யதுர்ஷிகா கேட்டாள். பிரசாந்தனின் விரலுக்கு மை பூசினார்கள். தன் விரல்தான் அகப்படப்போகிறது என்று அவருக்குத் தெரியும். ஏனோ கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அறிக்கை வந்தது. மூன்றும் ஒரே விரல்.

பிழையென்று மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதுவே. செத்தவனின் விரலும் சாட்சிக்காரனின் விரலும் ஒன்றென்றால் எந்த நீதிமன்றம் ஏற்கும்? முத்திரையை நம்ப முடியாது என்று வழக்கைத் தள்ளினார்கள். அமராவதி வெளியே வந்தாள். கடைசிவரை பிரசாந்தன் வாய் திறக்கவில்லை. அவரைக் கடக்கும்போது அமராவதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்தாள்.

கைரேகைப் பிரிவில் விசாரித்துவிட்டு வந்து கௌசலா சொன்னாள்.

"வீரபாகுவின்ர ரேகை எப்ப எடுத்தது தெரியுமோ அண்ணை?"

"பிடிச்ச அண்டைக்காயிருக்கும்."

"இல்லை. அண்டைக்கும் கையைப் பொத்திக்கொண்டு நிண்டவனாம். பிரேத அறையிலதான் எடுத்தவை. அண்டைக்குக் காலமை, நாங்கள் ரயிலில போய்க்கொண்டிருந்த நேரம்."

அவர் இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். அவள் தொடர்ந்து சொன்னாள்.

"கை பொத்தினபடியே விறைச்சிட்டுதாம். ஒராள் மணிக்கட்டைப் பிடிக்க, மற்றாள்தான் விரலை நிமிர்த்தினவராம்."