அக்கா கேட்ட வாட்டர் லில்லி

லண்டனில் இருக்கும் என் அக்காவுக்கு நினைவு மங்கி, தமிழும் மறந்து, ஆங்கிலம் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஒருநாள் அவள் மகள் அழைத்தாள்.

"மாமா, அம்மா வாட்டர் லில்லி வேணுமெண்டு அழுறா."

எங்கள் ஊரான வாகரையில் குளத்தில் இறங்கி, வெள்ளை ஆம்பலைப் பறித்து வீடியோவில் காட்டினேன். அக்கா தலையாட்டி மறுத்தாள். நீல ஆம்பலையும் மறுத்தாள். தாமரையைக் கண்டதும் கோபமே வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போனை அணைக்காமலே வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அந்த ஆம்பல்களை வாங்கி, பூக்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, கறிக்குத் தண்டு உரிக்கத் தொடங்கினாள்.

திரையில் அக்கா சிரித்தாள். பிறகு, ஊட்டிவிடச் சொல்லும் பிள்ளைபோல வாயைத் திறந்தாள்.

"அம்மாக்குப் பசிக்குதா மாமா?" என்றாள் மகள்.

ஆங்கில அகராதியில் தேடிப் பார்த்தேன், வாட்டர் லில்லி என்றால் பூ என்றுதான் இருக்கிறது. அக்கா எந்தப் பாஷையில் பசித்தாள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.