செந்தூரத்தில் பிறந்த சொல்

ஜப்பானியர் வந்ததும் மலாக்காவில் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். சூரியன் உச்சிக்கு வரும்போது மணி இரண்டு. கடலுக்கு அப்பால் இந்தியாவில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். நிழல் ஒன்று சொல்லும், கடிகாரம் வேறு சொல்லும்.

அப்படியொரு இரண்டு மணிக்குத்தான் பக்கத்து வீட்டு நாகம்மாள் ஓடிவந்தார். காஜா பெராங் பேட்டையில் தலைமுறைகளாக வாழும் மலாக்காச் செட்டிக் குடும்பம். நெற்றியில் விபூதி, நாவில் மலாய். "பூக்கு இங்கிரிஸ் பாக்கார்லா! ஜப்புன் மாரி, மாத்தி கித்தா!" என்றார். ஆங்கிலப் புத்தகத்தை எரித்துவிடு, ஜப்பான்காரன் வந்தால் செத்தோம் என்கிறார். அடுத்த தெருவில் வீடு வீடாகத் தேடுகிறார்களாம்.

என்னிடம் இருந்தது ஒரே ஓர் ஆங்கில அகராதி. எங்கள் பரம்பரையில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் என்று ஆசிரியர் கொடுத்த பரிசு. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எங்கே போனாலும் கைநாட்டுதான். நாகப்பட்டினத்திலிருந்து வந்து, ஆற்றங்கரையில் படகுகளின் அடிப்பலகைக்கு ஈயச் செந்தூரம் என்ற சிவப்புச் சாயம் பூசுகிறவர். அவருடைய சிவந்த நகங்களைப் பார்த்து, "என்ன அண்ணே, வெத்தலைய விரலாலயா மெல்லுற?" என்று கேலி செய்வார்கள்.

அடுப்பருகே உட்கார்ந்து கடைசியாக ஒரு சொல்லைப் பார்த்தேன். மினியேச்சர். மிகச் சிறிய உருவம் என்று பொருள். மைனஸ், மினிட் என்று குறைவையும் சிறுமையையும் குறிக்கும் சொற்களுக்கு உறவு என்றே நினைத்திருந்தேன். அகராதி வேறு சொன்னது. வேர், மினியம், லத்தீனில் ஈயச் செந்தூரம். ஐரோப்பாவின் பழைய கையெழுத்து ஏடுகளில் முதலெழுத்தை அதனால் தீட்டி, படங்களும் வரைந்தார்களாம். அந்த ஏட்டுப் படங்களுக்கும் அந்தப் பெயரே வந்தது. படங்கள் சிறியவை, பிறகு சிறியவை எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று.

அப்பாவிடம் வாசித்துச் சொன்னேன்.

"நான் பூசுற செந்தூரமா?"

"அதேதான்ப்பா."

"அப்ப இந்தப் பொஸ்தகத்துல என் வேலையும் இருக்கு. உனக்கே இன்னிக்குத்தான் தெரியுது, படிச்சவனே!"

அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து வாங்கிக்கொண்டார். செந்தூர டப்பாவில் பெருவிரலைத் தோய்த்து, சொல்லுக்குப் பக்கத்தில் அழுத்தினார். நாகம்மாள் அலறினார்: "அய்யோ, டாரா!" இரத்தமென்று நினைத்துவிட்டார். "சாட்லா, சாட் பிராவ்," படகுச் சாயம் என்று அப்பா சிரித்தார். அகராதி அடுப்பில் எரிந்தது. தாளை மெழுகுத்துணியில் சுற்றி டப்பாவுக்குள் செந்தூரத்தின் அடியில் புதைத்தோம். மறுநாள் தேடி வந்த ஜப்பான்காரர்கள் டப்பாவைத் திறந்து, விரலில் ஒட்டுமென்று மூடிவிட்டுப் போனார்கள்.

சண்டை ஓய்ந்து தபால் வந்ததும் நாகையிலிருந்து பெரியப்பா கேட்டிருந்தார்: "என் தம்பி இப்பவாவது கையெழுத்துப் போடுறானா?" அவருக்குக் காட்ட அப்பாவின் இந்த ரேகையைவிட வேறென்ன வேண்டும்? தாளை உறைக்குள் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். ரேகையின் பாதியை நாகைக்கு அனுப்பி, பாதியை மலாக்காவில் வைத்துக்கொள்ள வழியில்லை. உறை இன்னும் ஒட்டாமல் மேசைமேல் கிடக்கிறது. என் விரலிலும் கொஞ்சம் சிவப்பு.